முதல் துள்ளல் பாட்டை கிட்டாரில் வாசிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் என் வீட்டு முகப்பில் உட்கார்ந்து சாயங்காலங்களில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேரின் ஆசை ஒன்றுதான்: கேட்டதும் கால் தன்னால் தாளம் போட வைக்கும் ஒரு பாப்-ராக் பாட்டை முழுசாக வாசிக்க வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிட்டாரைத் தொட்டதே இல்லை. முதல் பாட்டே வேகமான பாட்டாக இருக்கலாமா?

இருக்கலாம். மெதுவான மெலடிதான் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆனால் மெதுவான பாட்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், சின்னத் தப்பும் வெளியே தெரியும். துள்ளலான பாட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருடுகிறோம். ஒரு விரல் சரியாக அழுந்தாவிட்டாலும் தாளம் அதைத் தாங்கிக்கொள்ளும். அதோடு, பிடித்த பாட்டு என்றால் தினமும் எடுத்து வாசிக்கத் தோன்றும். மற்ற காரணங்களைவிட எனக்கு இதுதான் பெரிசு.

எந்த கிட்டார் வாங்குவது?

பாப்-ராக் பாட்டுக்கு ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் போதும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் அதன் கழுத்து அகலம், சத்தமும் மென்மை, இந்த வகைப் பாட்டின் பளீர் சத்தம் அதில் வராது. எலக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது, அழுத்துவது சுலபம். ஆம்ப்ளிஃபையர், வயர் எல்லாம் சேர்த்து வாங்க வசதி இருந்தால் அதிலேயே தொடங்கலாம், தப்பில்லை.

விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கம்பிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்), தடித்த கம்பிக்குக் கீழே, இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நான் சிறுவயதில் வாங்கிய முதல் கிட்டாரில் அந்த இடைவெளி அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் விரல் வீங்கி, இது நமக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு விவரம் தெரிந்த ஒருவர் பிரிட்ஜில், அதாவது உடலில் கம்பிகள் கட்டியிருக்கும் கட்டையில், இருந்த வெள்ளைப் பட்டையைத் தேய்த்து இறக்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி, பிடிபட்டது. அதனால்தான் சொல்கிறேன், கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் கழுத்து வளைந்திருக்கிறதா, பிரிட்ஜ் பலகையிலிருந்து பெயர்ந்து நிற்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

கம்பி வாங்கும்போது மெல்லிய செட்டாகக் கேளுங்கள். மிக மெல்லிய கம்பி 0.010 அல்லது 0.011 அங்குலம் உள்ள செட் ஆரம்பத்துக்கு நல்லது.

சுருதி சேர்ப்பது எப்படி?

தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. தடித்தது ஆறாவது கம்பி, மெல்லியது முதல் கம்பி. மடியில் வைத்தால் ஆறாவது கம்பி மேலே முகத்துக்குப் பக்கத்தில் வரும். இதில்தான் முதல் வாரம் எல்லோரும் குழம்புவார்கள். போனில் ஒரு டியூனர் இறக்கிக்கொள்ளுங்கள், போதும். எப்போதும் சுருதியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும். மேலிருந்து இறக்கிச் சேர்த்தால் கம்பி தளர்ந்து மறுபடி இறங்கிவிடும். புதுக் கம்பி இரண்டு மூன்று நாளைக்கு இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும். கிட்டாரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

எத்தனை கார்ட் தெரிய வேண்டும்?

நாலு: ஜி, டி, இ மைனர், சி. இதே வரிசையில் ஒவ்வொன்றும் நாலு அடி வாசித்துச் சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு பாப்-ராக் பாட்டின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு வேறு விதமாகச் சொல்கிறேன். ஜி-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த நாலும் ச, ப, த, ம என்ற சுரங்களின் மேல் நிற்கின்றன. கார்ட்களில் வரும் சுரங்கள் எல்லாமே சங்கராபரணத்துக்குள் அடங்கும்.

இந்த நாலையும் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி பிடித்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா விரலும் இடம் மாற வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது வேறு வழி. மோதிர விரலை இரண்டாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலும், சுண்டு விரலை முதல் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலும் வைத்துவிடுங்கள். பாட்டு முடியும் வரை இந்த இரண்டும் அசையக் கூடாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நடக்கட்டும்.

ஜி: நடுவிரல் ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட், ஆள்காட்டி ஐந்தாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்.
சி: அதே இரண்டு விரலும் ஒரு கம்பி கீழே இறங்குகின்றன. நடுவிரல் ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட், ஆள்காட்டி நாலாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட். ஆறாவது கம்பியைத் தொடாமல் ஐந்தாவதிலிருந்து வருடுங்கள்.
இ மைனர்: ஆள்காட்டி ஐந்தாவது கம்பி, நடுவிரல் நாலாவது கம்பி, இரண்டுமே இரண்டாவது ஃப்ரெட்.
டி: ஆள்காட்டி மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட். நடுவிரலுக்கு வேலை இல்லை. நாலாவது கம்பியிலிருந்து வருடுங்கள்.

கண்டிப்பாகச் சொன்னால் இவை சுத்தமான சி, டி, இ மைனர் இல்லை. சி ஆட்9, டி சஸ்4, இ மைனர்7 என்று இவற்றுக்குப் பெயர். கேட்க இன்னும் கொஞ்சம் மினுமினுப்பாக இருக்கும், இந்த வகைப் பாட்டுக்கு நன்றாகவே பொருந்தும். டி மட்டும் முடிவில்லாமல் தொங்குகிற மாதிரி இருக்கும். பழகிய பிறகு, சும்மா இருக்கிற நடுவிரலை முதல் கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் வைத்து சுண்டு விரலை எடுத்துவிட்டால் அசல் டி வந்துவிடும்.

கார்ட் மாற்றும்போது கை நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிற்கிறது வலது கை. தப்பு அங்கேதான். இடது கை இன்னும் இடத்துக்கு வரவில்லை என்று வலது கை மரியாதையாகக் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருக்கவே கூடாது. இடது கை வந்தாலும் வராவிட்டாலும் வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கம்பி கொரகொர என்று ஒலித்தாலும் பரவாயில்லை. பழைய வீட்டு வளவில் (நடு முற்றத்துக் கூடத்தில்) தொங்கும் ஊஞ்சலைப் பாருங்கள். அதில் ஏற நினைக்கிற பிள்ளைக்காக அது நிற்காது. பிள்ளைதான் அது வரும் நேரம் பார்த்து ஏறும். உங்கள் வலது கை அந்த ஊஞ்சல், இடது கை அந்தப் பிள்ளை.

கேட்கிறவர் காதுக்குத் தப்பான கார்ட் அரை வினாடி வந்து போனது தெரியாது. தாளம் ஒரு முறை நின்றால் எல்லோருக்கும் தெரியும். கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் தவில் ஒரு கணம் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்காதா? அப்படித்தான்.

இதைப் பழக, ஒரு கார்டின் நாலு அடியையும் இரண்டிரண்டாகப் பிரித்து எட்டாக எண்ணுங்கள். ஒற்றைப் படை எண்ணுக்குக் கை கீழே, இரட்டைப் படைக்கு மேலே. முதல் மூன்று நாள் இடது கையால் கம்பிகளை அழுத்தாமல் லேசாக மூடிப் பிடித்து, வெறும் சக் சக் சத்தத்தோடு இதை மட்டும் செய்யுங்கள். அப்புறம் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் கம்பியைத் தொடாமல் காற்றில் வீசுங்கள். மீதி ஆறு இடங்களில், அதாவது 1, 3, 4, 6, 7, 8-ல், கம்பியில் படட்டும். இதுதான் பாதி உலகம் வாசிக்கும் ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பி வருடும் முறை: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். எண்ணத் தடுமாறினால் சொல்லாகச் சொல்லுங்கள்:

தா – த க – க தி மி

கோடு போட்ட இடத்தில் வாய் சும்மா இருக்கும், கை சும்மா இருக்காது. மிருதங்கம் பழகும் பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஐந்து நிமிடத்தில் கையில் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரம்மிங்குக்கு அம்புக்குறி போட்டுக் கொடுத்தபோது அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னொரு ரகசியம். எட்டாவது எண்ணில், அதாவது கடைசி மேல் வருடலில், இடது கையில் நடக்கும் அந்த இரண்டு விரலையும் தூக்கிவிடலாம். அந்த ஒரு வருடல் வெறும் கம்பியில் விழட்டும். அடுத்த ஒன்றுக்குள் புது கார்டில் போய் உட்கார உங்களுக்கு நேரம் கிடைக்கும். பெரிய வாசிப்பாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள், கூர்ந்து கேட்டால் தெரியும்.

எப்போது வேகத்தைக் கூட்டலாம்?

துள்ளலான பாட்டு நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார்டுக்கு நாலு அடி, அதாவது இரண்டு வினாடி. நாலு கார்டும் ஒரு சுற்று வர எட்டு வினாடி. ஆக நிமிடத்துக்கு 30 முறை கார்ட் மாறுகிறது. போனில் ஒரு நிமிடம் வைத்து, ஜி-யிலிருந்து டி-க்கும் டி-யிலிருந்து ஜி-க்கும் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணுங்கள். 30 வந்தால் அந்த ஜோடி பாட்டுக்குத் தயார். டி–இ மைனர், இ மைனர்–சி, சி–ஜி ஜோடிகளையும் இதே மாதிரி எண்ணுங்கள். எந்த ஜோடி பின்தங்குகிறதோ அதற்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். எல்லாவற்றையும் சமமாகப் பழகுவது நேர விரயம்.

மெட்ரோனோமில் (சீராகத் தாளம் தட்டும் கருவி) 60-ல் தொடங்கி, மூன்று சுற்று தடங்கல் இல்லாமல் வந்தால் ஐந்து கூட்டுங்கள். தடங்கினால் பத்து இறக்குங்கள்.

விரல் நுனி எரிகிறது. எத்தனை நாள் இப்படி?

இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்துவிடும். அதுவரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் பழகுங்கள். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, அதன் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். நுனியில் வலித்தால் அது வழக்கம்தான். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் உடனே நிறுத்தி, பிடிக்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள்.

எஃப் கார்ட் வரவே இல்லை. அதில்லாமல் பாட்டு வாசிக்க முடியாதா?

முடியும். ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துகிற பேர் கார்டுகளை முதல் இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். கேப்போ, அதாவது கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், ஒன்று வாங்குங்கள். ஒரு ஃப்ரெட் தள்ளி மாட்டினால் பாட்டு அரைச் சுரம் ஏறும், நீங்கள் பிடிக்கும் கார்ட் மாறாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஜி ஐந்து கட்டை. கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் அதே விரல்களில் ஆறு கட்டை. பாடுகிறவர் குரலுக்கு எது வாகோ அங்கே மாட்டிக்கொள்ளலாம்.

என் மகள் வீணை கற்கிறாள். கிட்டார் எடுத்தால் கை கெட்டுப்போகுமா?

காரைக்குடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆச்சி. வீணையில் ஒரு பாணிக்கே நம் ஊர்ப் பெயர். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார், இளையவர் சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்து வாசித்தார். ஒரே வீட்டில், ஒரே சங்கீதத்துக்கு இரண்டு பிடி. பிடி மாறினால் சங்கீதம் கெட்டுவிடாது.

வீணை பழகிய பிள்ளைகளுக்கு கிட்டாரில் ஒரு பெரிய லாபம் உண்டு. வீணையில் வாசிக்கும் கம்பி நாலு, பக்கத்தில் தாளக் கம்பி மூன்று. வலது கைச் சுண்டு விரல் அந்தத் தாளக் கம்பியை மீட்டிக்கொண்டே இருக்கும். வலது கை தாளத்தை விடக் கூடாது என்று நான் மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் சொல்வது அவர்கள் கையில் முன்பே இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வீணையில் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவரும் பழக்கத்தில், கார்ட் பிடிக்கும்போதும் விரல் கம்பியைத் தன்னையறியாமல் இழுத்துவிடும், சுருதி விலகும். அதைச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். வீணை டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அதுதான் மரியாதை.

கார்ட் சரி, தாளம் சரி. ஆனாலும் ராக் மாதிரி இல்லையே?

சத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லாததுதான் காரணமாக இருக்கும். சரணத்தில் வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பி மேல் லேசாகப் படியவிட்டு, அந்தக் கார்டில் வருடும் கம்பிகளில் தடித்த இரண்டு மூன்றை மட்டும் கீழ்நோக்கி அடியுங்கள். சத்தம் டுக் டுக் என்று அடங்கி வரும். பாம் ம்யூட் என்பது இதுதான். பல்லவி வந்ததும் கையை எடுத்துவிட்டு அந்தக் கார்டின் எல்லாக் கம்பியையும் திறந்து வீசுங்கள். கதவைத் திறந்ததும் வெளிச்சம் உள்ளே பாய்கிற மாதிரி இருக்கும். பாட்டின் வேகம் மாறவே இல்லை, ஆனால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். நாலு அடியில் இரண்டாவது, நாலாவது அடிகளில் (எட்டாக எண்ணினால் 3, 7) கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். டிரம்மர் ஸ்னேரில் அடிக்கும் இடம் அது.

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் வசதி) போட்டால் முழுக் கார்ட் கலங்கிக் கேட்கும். அப்போது அந்தந்தக் கார்டின் பெயர்ச் சுரத்தையே சட்ஜமாக வைத்து, காந்தாரத்தை விட்டுவிட்டு சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசியுங்கள், அதுதான் பவர் கார்ட். இரண்டே விரல் போதும்.

வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை.

கை யோசிக்காமல் ஓடும் வரை முடியாது. வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். சாப்பிட்டாயா, எப்போது வந்தாய் என்று பேசும்போதும் கை நிற்காவிட்டால் பாடலாம். முதலில் ஒவ்வொரு கார்டின் ஒன்றாவது அடியில் விழும் சொல்லை மட்டும் பாடுங்கள். மற்ற சொற்கள் பிறகு வந்து சேரும்.

வீட்டில் வாசித்தால் நன்றாக இருக்கிறது. ரெக்கார்டு செய்தால் ஒரே குழப்பமாகக் கேட்கிறதே?

வளவில் உட்கார்ந்து வாசித்திருப்பீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்பும். தனியாக ஒரு கம்பியை மீட்டினால் அந்த எதிரொலி தேவாமிர்தம். வேகமான ஸ்ட்ரம்மிங்கில் ஒரு அடி அடங்கும் முன் அடுத்த அடி வந்து மோதிவிடும். ரெக்கார்டு செய்ய மெத்தை, துணி, பீரோ எல்லாம் நிறைந்த சின்ன அறைக்குப் போங்கள். போனை ஒரு முழம் தள்ளி, கிட்டாரின் கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஓட்டைக்கு நேரே வைத்தால் கும்மென்று கேட்கும்.

எத்தனை நாளில் முழுப் பாட்டு வரும்?

தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்தவர்கள் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முழுப் பாட்டை நண்பர்கள் முன்னால் வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அதைப் போல மூன்று மடங்கு ஆனது. வீடியோ பார்த்துப் பழகலாமா என்றால், தாராளமாக. ஆனால் மாதம் ஒரு முறையாவது வாசிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் கையைப் பார்க்கட்டும். வீடியோவால் உங்கள் மணிக்கட்டைப் பார்க்க முடியாது.

நம் ஊர் வெயிலில் கிட்டாரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சித்திரை, வைகாசியில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். மொட்டை மாடி அறையும் அப்படித்தான். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் கம்பி துருப்பிடிக்கும், பையில் போட்டு மூடி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட கம்பிக்கு எதிரி நம் கை. சீடையும் மனகோலமும் தின்றுவிட்டு அப்படியே கிட்டாரை எடுக்கிறார்கள். அந்த எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து, கம்பி இரண்டே வாரத்தில் கறுத்து ஒலி மங்கிவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எடுங்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு செட் மூன்று மாதம் வரும். மாற்றும்போது ஆறையும் ஒன்றாக அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.